மூன்று தரம் மறுத்தவன்

16 ஜனவரி 2024, செவ்வாய்

நேற்றைய பொங்கல் பானை அடிப்பிடித்துவிட்டது. ஊறப் போட்டுச் சுரண்டலாம் என்று கழுவுதொட்டிக்குள் வைத்திருந்தேன். பரஸ்தூ அதைத் தூக்கி எடுத்து, கரண்டியால் பெயர்த்து, சர்க்கரை கருகின துண்டுகளை நின்றபடியே தின்றாள். அடிப்பிடித்த சோறுதான் அவர்கள் நாட்டில் விருந்தாளிக்கு முதலில் வைப்பதாம். "இதை எறிகிற ஆட்களோடா நான் இருக்கிறேன், அன்ரி ஜான்?" என்றாள்.

மேல் அறையில் வாடகைக்கு வந்து ஒரு வருடமாகிறது. ஈரானின் ஷிராஸ் நகரத்துப் பெண். இருபத்துநான்கு வயது. நீர்ப்பாசனப் பொறியியலில் முதுகலை. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன். 'அன்ரி' என் மகள் துஷ்யாவின் சிநேகிதிகளிடம் கேட்டுப் பிடித்தது. 'ஜான்' அவளுடையது, பாரசீகத்தில் அன்பாகக் கூப்பிடுவது.

சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று பகிடியாகக் கேட்டேன். "அது ஹீத்ரோ விமான நிலையத்திலேயே கிடைத்துவிட்டது. தலைத்துணியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு என்ன செய்வது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை."

ஞாயிறு தோறும் மூன்று மணிக்குப் பாரசீகம் பேசும் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறாள். இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வீட்டுக்குச் சொல்லவில்லை. மதம் மாறியவள் என்று தெரிந்தால் ஊருக்குத் திரும்ப முடியாது. சபையில் என்ன தேடுகிறாய் என்றேன். பயப்படாமல் கேள்வி கேட்கக்கூடிய ஒரு கடவுளைத் தேடுகிறாளாம்.

நான் விளக்கு ஏற்றுகிறேன். கும்பிடுவதில்லை.

4 பெப்ரவரி, ஞாயிறு

பரஸ்தூ இன்று சபைக்குப் போகவில்லை. படிக்கட்டில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

தகப்பனை ஷிராஸில் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேநீர் கொடுத்திருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் மரியாதையாகக் கேட்டானாம், உங்கள் மகள் லண்டனில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள் என்று. அவருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தெரு, எந்த மண்டபம், என்ன பாட்டு. போன மாதம் ஒரு ஞாயிறு மண்டபத்தின் பக்கத்து அறையில் இருந்து அவள் அழுததுகூட. தம்பி காவே இனிப் பல்கலைக்கழகத்துக்கு வரத் தேவையில்லை என்று கடைசியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்பா என்னைத் திட்டவில்லை, அன்ரி. 'நீ அழுதாயாமே, ஏன் அழுதாய்?' என்றுதான் கேட்டார்."

அந்தப் பக்கத்து அறையில் அன்றைக்கு இருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் சபைக்காரர். மூவரும் அவளுக்கு முதுகு தடவிக் கொடுத்தவர்கள்.

தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

தொண்ணூற்றாறில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ராணுவம் எல்லோரையும் வரிசையில் விட்டது. ட்றக்கில் சாக்கு மூடிய ஓர் ஆள் இருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இப்படித் தலையசைத்துக் காட்டிக் கொடுப்பவர்களைத் தலையாட்டி என்றுதான் சொல்வோம். என் கணவர் போய் நின்றார். சாக்கு ஆடியது. ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். துஷ்யாவுக்கு இரண்டு வயது.

எனக்குத் தொழிலே ஆளைத் தேடுவது. கொழும்பில் ஒளிந்தவனையும் தேடிப் பிடித்துச் செய்தி போட்டிருக்கிறேன். அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கோபப்படுவதற்கு எனக்கு ஒரு முகம்கூட இல்லை.

5 பெப்ரவரி, திங்கள்

மூன்று பேர். மூன்று பேருக்கும் முகம் இருக்கிறது.

10 பெப்ரவரி, சனி

அப்டன் பார்க். தேவராசா அண்ணையின் பத்திரிகை அலுவலகம், புடவைக் கடைக்கு மேலே. ஊரில் அவர் ஆசிரியர், நான் நிருபர். இங்கே வாரப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார். அரைவாசி மரண அறிவித்தல், மிச்சம் நகைக்கடை விளம்பரம், இடைவெளி வந்தால் செய்தி.

"ஈரான்காரருக்குப் பின்னாலை ஏன் பிள்ளை போறாய்? எங்கடை ஆக்களின்ரை கள்ளம் உனக்குக் காணாதே?"

"எங்கடை ஆக்களின்ரை கள்ளம் உங்கடை பேப்பரிலை ஒருநாளும் வந்ததில்லையே, அண்ணை. விளம்பரம் போயிடுமெல்லே?"

இருமும்வரை சிரித்தார். பிறகு பழைய ஆசிரியராகிவிட்டார். "ஆர் எண்டு தெரியுமோ?"

"மூண்டு பேரிலை ஓராள்."

"அப்பிடிப் போட ஏலாது. ஆர் எண்டு பிடிச்சுக்கொண்டு வா. பிடிச்சாலும் அவனைக் கூப்பிட்டு, இப்பிடிச் சொல்லுகினம், நீ என்ன சொல்லுறாய் எண்டு கேட்டிட்டுத்தான் போடுவன். அதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை."

ஓம் என்றேன். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் செய்தேன். யாரைப் பற்றி எழுதினாலும் அவன் பக்கத்தைக் கேட்காமல் ஒரு வரி போனதில்லை. இந்தக் காட்டிக் கொடுத்தவனைக் கேட்க மனம் இல்லை. சாக்குக்காரன் என் கணவரிடம் கேட்டுவிட்டா தலையை ஆட்டினான்?

14 பெப்ரவரி, புதன்

ஊரில் எங்கள் அலுவலகத்திலிருந்து செய்தி வெளியே போனபோது ஆளைப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. சந்தேகமான ஆட்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய். எந்தப் பொய் வெளியிலிருந்து திரும்பி வருகிறதோ, அதற்குரியவன்தான் ஆள்.

பரஸ்தூவுக்குச் சொன்னேன். கோடையில் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக மூவரிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். சிகையலங்காரம் செய்யும் மஹ்னாஸ் என்ற பெண்ணிடம் தேம்ஸ் ஆற்றில் என்று. மாணவன் ஆர்மினிடம் சவுத்தாலில் ஒரு நீச்சல் குளத்தில் என்று. ஹூமனிடம் பிரைட்டன் கடலில் என்று.

ஹூமன் பெயரைச் சொன்னதும் தலையை அசைத்தாள். "அவனை விடுங்கள். என்னைச் சபைக்குக் கூட்டிப் போனவனே அவன்தான். முதல் வேதப் புத்தகம் அவன் தந்தது. ஒவ்வொரு ஞாயிறும் காரில் கொண்டுவந்து இறக்குகிறான்."

அதனால்தான் அவனையும் சேர்க்கச் சொன்னேன்.

பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "அந்தப் பொய் எப்படித் திரும்பி வரும்? அவர்கள் அப்பாவைத் திரும்பவும் கூப்பிட வேண்டுமே."

ஓம் என்றேன்.

சுற்றி வளைக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

18 பெப்ரவரி, ஞாயிறு

சபையிலிருந்து ஆறு மணிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே, "சொல்லிவிட்டேன், மூன்று பேருக்கும்" என்றாள்.

9 மார்ச், சனி

கடல்.

தகப்பனை இந்த முறை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தேநீர் இல்லை. உன் மகள் கோடையில் கடலில் இறங்கப்போகிறாளாமே, நீந்தத் தெரியுமா என்று கேட்டார்களாம். வெளியே வந்து நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் ஓர் இரவு. இப்போது வீட்டில்.

பரஸ்தூ அழவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். "எனக்கு நீந்தத் தெரியும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர்தான் பழக்கினாராம். அங்கே இருந்துகொண்டு அதையும் சொல்லியிருக்கிறார்."

அந்த இரண்டு நாளுக்கு நானும் காரணம். அது தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஆள் கிடைத்துவிட்டான். ஆள் கிடைத்துவிட்டான்.

20 மார்ச், புதன்

அவர்களுடைய புத்தாண்டு. ஹூமன் நீலப் பூக்களோடு வந்தான். நான்தான் கூப்பிடச் சொன்னேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முப்பத்தொரு வயது. மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறான். சபையில் பறை மாதிரி ஒரு வட்ட மேளம் தட்டுகிறவன். விரல் நுனிகள் காய்த்திருக்கின்றன. சப்பாத்தைக் கழற்றி நேராக அடுக்கி வைத்துவிட்டு வந்தான். தாய் ஈரானில், கராஜ் நகரில் தனியே. இங்கே வந்து ஐந்து வருடம். கிறிஸ்தவனாக மாறினேன் என்று தஞ்சம் கேட்டிருக்கிறான். உன் நம்பிக்கை உண்மையானதாகத் தெரியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு காத்திருக்கிறது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். "அன்ரி, இது என் அம்மாவின் கையைவிடக் காரம்."

நான் பரிமாறினேன். சோறு, குழம்பு, தயிர். உண்மையான நம்பிக்கை இல்லை என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரஸ்தூ அவனுக்குப் பழம் உரித்துக் கொடுத்தாள். தோல் அறாமல் ஒரே சுருளாக வந்தது. அவளிடம் இந்த நிதானம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

செய்தியை எழுதி முடித்தேன். தலைப்பிலேயே அவன் பெயர். நான் எழுதியவற்றிலேயே சுத்தமானது இதுதான். ஓர் அடைமொழி இல்லை. பரஸ்தூவுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன்.

"காவே வெளியே வரும்வரை வேண்டாம்" என்றாள். தம்பி எல்லை கடந்து துருக்கிக்குப் போக ஆள் பார்த்திருக்கிறார்கள். அவன் போய்ச் சேரும் முன் இங்கே ஒன்று வெளிவந்தால் அங்கே அவனைப் பிடித்துக்கொள்வார்கள். நியாயம். காத்திருக்கலாம்.

பின்னேரம் துஷ்யா வந்தாள். மேசையில் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வாசித்து முடித்தாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் அபவுட் ஹெர். நீங்க அந்தப் பிள்ளைய யூஸ் பண்ணுறீங்க."

"உனக்கு விளங்காது."

"அப்பாவ ஆர் காட்டிக் குடுத்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. ஸோ, எனிபடி வில் டூ. அப்பிடித்தானே?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிடாமல் போய்விட்டாள்.

எனிபடி இல்லை. இவன் செய்தவன். நிரூபித்திருக்கிறேன்.

19 மே, ஞாயிறு

ஹூமன் வழமைபோல் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். சன்னலுக்குள் நின்ற எனக்குக் கை காட்டினான். நானும் காட்டினேன்.

8 யூன், சனி

காவே துருக்கியில் வான் என்ற நகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏரியின் படம் ஒன்று அனுப்பியிருக்கிறான், தன் பெருவிரல் பாதியை மறைத்தபடி. பரஸ்தூ அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். தகப்பன் ஊரிலேயே இருக்கப்போகிறாராம். அவர்கள் எனக்கு இனிச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டாராம்.

செய்தியைத் தேவராசா அண்ணைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

23 யூன், ஞாயிறு

இரண்டு வாரமாகச் சொல்லவில்லை. இன்று சொன்னாள்.

"பத்திரிகை வேண்டாம், அன்ரி ஜான். வெள்ளிக்கிழமை வாசிப்பார்கள். திங்கட்கிழமை மறந்துவிடுவார்கள். என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது."

அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுக்கிறாள். கடலிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. சபை வாடகைக்கு எடுக்கும் தேவாலயத்தில் தரைப் பலகைகளுக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. அந்தச் சபையில் ஒரு வழக்கம். எடுப்பவர் தனக்குப் பிடித்த ஒருவரைத் தெரிவு செய்யலாம். பாஸ்டரோடு அவரும் தண்ணீரில் இறங்கி, இருவருமாகப் பிடித்து அமிழ்த்தித் தூக்குவார்கள். முழுவதையும் இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள்.

"நான் ஹூமனைக் கூப்பிடப்போகிறேன். எல்லோருக்கும் முன்னால்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன். அவனிடம் தகவல் வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். தங்களுடைய ஆள், இஸ்லாத்தை விட்ட ஒரு பெண்ணின் தலையில் கை வைத்து நிற்பதைப் பார்ப்பார்கள். பிறகு அவன் யாருக்குச் சொல்வான்? எந்த ஊருக்குத் திரும்புவான்?

"உன் முகமும் தெரியுமே."

"என்னுடையது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. அவன் கொடுத்ததுதானே."

"அவனுடைய தாய்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "என் அப்பாவும் அந்த அறையில் தனியாகத்தான் இருந்தார்."

நான் எழுதிய செய்தியைவிட இது மோசமானது. அதனால் எனக்குப் பிடித்திருந்தது. பாஸ்டர் ஆராம் அவளிடம், மனதில் யார் மீதும் பகை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வராதே என்றாராம். "அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்" என்றாளாம். பகிடி என்று நினைத்து அவர் சிரித்திருக்கிறார்.

நீ இதை உண்மையிலேயே நம்பித்தான் எடுக்கிறாயா, அவனுக்காக எடுக்கிறாயா என்று கேட்டேன்.

"இரண்டும்தான். பிரித்தெடுக்கத் தெரியவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்றால் அவர் பிரித்துக்கொள்ளட்டும்."

14 யூலை, ஞாயிறு

பார்த்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நூறு பேர் இருக்கும். வெக்கை. பலகைகளை எடுத்துச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். தொட்டியில் இடுப்பளவு தண்ணீர், இறங்க நாலு படி. கமரா மேல் மாடத்தில். நான் முன் வரிசை ஓரத்தில் இருந்தேன். ஹூமன் மேளத்தோடு எதிர்ப் பக்கத்தில்.

பரஸ்தூ வெள்ளை அங்கியில் வந்து நின்றாள். யாரைத் தெரிவு செய்கிறாய் என்று பாஸ்டர் கேட்டார். ஒலிவாங்கியை வாங்கி அவன் பெயரைச் சொன்னாள். என்னை இங்கே கூட்டி வந்தவர் அவர்தான் என்றாள். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் எழும்பினான். நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, தனக்கு அந்தத் தகுதி இல்லை என்றான். சபை சிரித்துக் கை தட்டியது. நான் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தேன். "மரியாதைக்குச் சொல்கிறார்" என்றாள். எங்களுக்குள் எதைக் கொடுத்தாலும் மூன்று தரம் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், உடனே ஒப்புக்கொண்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள், என்று விளக்கினாள்.

இரண்டாம் தரம், வேறு யாராவது மூத்தவர் என்றான். கைதட்டல் கூடியது. ஒரு கிழவர் அவனை முதுகில் பிடித்துத் தள்ளினார். மூன்றாம் தரம் அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் கண்கள் மேல் மாடத்துக் கமராவைப் பார்த்தன. எவ்வளவு பணிவான பிள்ளை என்று பக்கத்துப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

அத்தனை பேரில் அவன் உண்மையிலேயே மறுக்கிறான் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பரஸ்தூ சிரித்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றாள்.

மேளத்தைக் கீழே வைத்தான். மணிக்கூட்டைக் கழற்றினான். தொலைபேசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். தொட்டிக்குக் கிட்ட இருந்த தெரிந்த முகம் நான்தான். வந்து என் கையில் தந்தான். அவன் விரல்கள் வேர்த்திருந்தன.

பாஸ்டர் இறங்கினார். அவன் இறங்கினான். பரஸ்தூ முதல் படியில் கால் வைத்ததும் வழுக்கியது. "யா அலி!" என்றாள். பாரம் தூக்கும்போதும் படி இறங்கும்போதும் அவர்கள் நாட்டில் எவர் வாயிலும் வருவது. கிறிஸ்தவளாகப் போகிற நேரத்தில் முஸ்லிம்களின் இமாம் அலியைக் கூப்பிட்டுவிட்டாள். மண்டபமே வெடித்துச் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகை பாசாங்கு இல்லை. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் அவளை அமிழ்த்திய நேரம் என் கைக்குள் அவன் தொலைபேசி அதிர்ந்தது. ஈரானிலிருந்து வரும் எண். பெயர் இல்லை. நின்றது. திரும்பவும் அதிர்ந்தது. தாயா, மற்றவர்களா? பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேலே வந்தபோது அவன் கை அவள் பிடரியில் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தான். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கடினம்.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். திரையைப் பார்த்தான். ஈர உடுப்போடு பின் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள்.

15 யூலை, திங்கள்

மகிழ்ச்சி. வேறு சொல் தேடவில்லை. மகிழ்ச்சி.

20 யூலை, சனி

ஹூமன் வந்தான். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனும் வரவில்லை. வாசலிலே நின்றான், சவரம் செய்யாமல்.

பரஸ்தூவைப் பார்த்து, "தெரிந்துதான் செய்தாயா?" என்றான்.

"பிரைட்டன் கடல் என்று உனக்கு மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். நான் இந்த வருடம் முழுக்கக் கேட்காமல் இருந்த கேள்வியை அப்போது கேட்டேன். ஏன்?

அம்மாவின் கதவை மாதம் ஒரு தரம் வந்து தட்டுவார்களாம். இவன் ஏதாவது சொன்னால் அந்த மாதம் தட்டமாட்டார்களாம். "சின்னச் சின்ன விஷயங்கள்தான் சொன்னேன். யார் பாடினார்கள், யார் அழுதார்கள்."

"நான் அழுதது சின்ன விஷயமா?"

அவன் தெருவைப் பார்த்தான். பிறகு, தன்பாட்டில் பேசுகிற மாதிரிச் சொன்னான். அம்மாவிடம் இரண்டு பேர் வந்து அந்தப் படத்தைக் காட்டி, இது உங்கள் மகன்தானா என்று கேட்டார்களாம். ஓம், மெலிந்துவிட்டான் என்றாளாம். அவளை ஒன்றும் செய்யவில்லை. போய்விட்டார்கள். "இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள். நான் அவர்களுக்கு உதவாதவன்." சொல்லிவிட்டு மூச்சு விட்டான். நீளமான மூச்சு.

அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பாரம் இறக்கினவன் விடுகிற மூச்சு. தண்டிக்கப்போய் அவனை விடுதலை பண்ணிவிட்டோமா?

அவன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. அதனால் என் வயிறு குளிர்ந்ததா? இல்லை. சாக்குக்குள் இருந்தவனுக்கும் கராஜில் ஒரு தாய் மாதிரி யாராவது இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. எனக்கென்ன?

10 ஓகஸ்ட், சனி

தேவராசா அண்ணையிடம் முழுக்கதையும் சொன்னேன். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பழி வாங்கப் போய் அவனுக்கு விசா எடுத்துக் குடுத்திட்டியள் ரெண்டு பேரும்!"

"என்ன அண்ணை?"

"அவன்ரை நம்பிக்கை பொய் எண்டுதானே மறுத்தவங்கள்? இப்ப அவன் ஒரு பெட்டையைத் தண்ணியிலை முக்கித் தூக்கின படம் உலகம் முழுக்க ஓடுது. ஈரானுக்கும் போக ஏலாது. இனி எந்த நீதவான் அவனைத் திருப்பி அனுப்புவார்? பிள்ளை மலர், முப்பத்தைஞ்சு வருசம் றிப்போட்டர் வேலை பாத்தனி, இது விளங்கேல்லையே உனக்கு?"

விளங்கவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. வெளியே கிறீன் ஸ்றீற் கடைத்தெருவில் ஆட்களை இடித்துக்கொண்டு நடந்தேன்.

22 செப்டெம்பர், ஞாயிறு

அவன் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறானாம். கடைசி வரிசையில் இருக்கிறானாம். மேளம் தட்டுவதில்லை. சபையில் வேறு எவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் முன் வரிசையிலிருந்து ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாளாம். அவன் தலையைக் குனிந்துகொள்வானாம்.

"மன்னித்துவிட்டாயா?"

"முயற்சி செய்கிறேன். திங்கள் முதல் சனி வரை முடிகிறது."

12 நவம்பர், செவ்வாய்

அவனுடைய மேன்முறையீடு அடுத்த செவ்வாய். அவனுடைய வழக்கறிஞர் பரஸ்தூவைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். ஞானஸ்நானத்தில் உங்களைப் பிடித்தவர் இவர்தானே என்று சொன்னால் போதுமாம். வழக்கறிஞருக்கு ஒன்றும் தெரியாது.

"போ. போய் எல்லாவற்றையும் சொல்" என்றேன். "அவனே உனக்குச் சாட்சிக் கூண்டைத் திறந்து விட்டிருக்கிறான். உன் அப்பாவின் இரண்டு நாளைச் சொல். காவேயைச் சொல். ஒரு வசனம் போதும்."

அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் வெட்டி முடித்தாள்.

"உங்களுக்கு அவன் போக வேண்டும், அன்ரி ஜான். எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை."

கேட்கவில்லைதான். இப்போதும் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

19 நவம்பர், செவ்வாய்

விமான நிலையப் பக்கம் உள்ள நீதிமன்றம். நான்தான் காரில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் மழை. சின்ன அறை. பார்வையாளர் வரிசையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஹூமன் கடன் வாங்கின கோட் போட்டிருந்தான், தோள் பெரிது.

அவனுடைய வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றாள். பிறகு அரசாங்கத் தரப்பு எழும்பியது. இளம் பெண், கெட்டிக்காரி. "இவருடைய நம்பிக்கை உண்மையானது என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

பரஸ்தூ அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஹூமன் கண்ணை மூடிக்கொண்டான். இதோ, என்று நினைத்தேன். கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. என்னுடையதே எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். வராவிட்டால் நானே போய்க் கூட்டி வருவேன். நான் உயிரோடு இருக்கும்வரை அவர் ஒரு ஞாயிறும் தவறமாட்டார்."

நீதவான் சிரித்துவிட்டார். அரசாங்கத் தரப்புப் பெண்ணும் மெல்லச் சிரித்து, வேறு கேள்வி இல்லை என்றாள். ஹூமன் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவனுக்குத் தீர்ப்பு அப்போதே கிடைத்துவிட்டது.

நீதிமன்றத் தீர்ப்பு எழுத்தில் வரச் சில வாரம் ஆகும். தஞ்சம் கிடைத்துவிடும் என்று வழக்கறிஞர் வெளியே கை குலுக்கினார்.

மழை விடவில்லை. அவன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். மினிகாப் வேலையை விட்டுவிட்டான், கார் இல்லை. "ஏறச் சொல்லுங்கள்" என்றாள் பரஸ்தூ. என்ன பிள்ளை நீ, என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியிருக்கும். கதவை அவளே திறந்து பிடித்தாள். அவன் பின்னால் ஏறினான். மழைக்குள் சவுத்தால்வரை ஓட்டினேன். ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டால் போதும் என்றான்.

"வேண்டாம். வீட்டு வாசலில் இறக்குவோம்" என்றாள், என் பக்கம் திரும்பி. "எந்த வீடு என்று நாங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்."

இடது, பிறகு வலது, பிறகு ஒரு முடக்கு. இறங்கி, குனிந்து நன்றி சொன்னான்.

"ஞாயிறு மூன்று மணி" என்றாள் அவள்.

"ஓம்" என்றான்.

அவன் உள்ளே போய் விளக்குப் போடும்வரை காரை எடுக்கவில்லை. அவன் அவர்களுக்குக் குறித்துக் கொடுத்த மாதிரி நானும் குறித்துக்கொண்டேன்: நாற்பத்தொன்றாம் இலக்கம். பச்சைக் கதவு. மேல் மாடி, தெருப் பக்கத்து அறை. திரைச்சீலை இல்லை. ஐந்து மணிக்கு வீட்டில் தனியாக இருந்தான்.